வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1961இல் வெளிவந்த ‘தி இன்னொசென்ட்ஸ்’ என்ற பிரித்தானியத் திகில் படத்தில் இரத்தமோ கோரமோ இல்லை; ஆயினும், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கும் பழைய கட்டடங்களைக் கண்டாலே அதன் மாளிகை நினைவுக்கு வருகிறது. காரணம் என்ன?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை.

பதில்: அந்த ஒதுக்குப்புற மாளிகையில் இரு பிள்ளைகளைப் பராமரிக்க வரும் ஆசிரியை காண்பவை ஆவிகளா, மனப்பிரமையா என்பதைப் படம் இறுதிவரை தீர்த்துவைப்பதில்லை, அச்சத்தின் வேர் அதுவே. சினிமாஸ்கோப்பின் அகன்ற சட்டத்தில் எதையும் மறைப்பது கடினம் என்பதால், ஒளிப்பதிவாளர் ஃபிரெடி ஃபிரான்சிஸ் ஓரங்களில் வண்ணம் பூசிய பில்டர்களைக் கமராவில் பொருத்தி, ஆசிரியையாக நடிக்கும் டெபரா கெர் ஏந்திவரும் மெழுகுவர்த்திகளுக்கு அப்பாலுள்ளவற்றை இருளில் ஆழ்த்தினார். எனினும் என்னை மிகவும் உலுக்கியது ஒரு பகற்காட்சி: ஏரியின் நாணல்களுக்கிடையே கறுப்புடைப் பெண்ணொருத்தி அசையாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். மீண்டும் பார்ப்பதாயின், தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். திரை கறுப்பாகவே இருக்க, ஒரு சிறுமியின் பாடல் மட்டும் அங்கே ஒலிக்கும்.