திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஏஐ செயலி ஒன்று சொன்ன ஐந்து கட்டுரைகளை என் இயலில் மேற்கோளாகச் சேர்த்துவிட்டேன். நெறியாளர் அதில் ஒன்றின் பிரதியைக் கேட்கிறார். எங்கே தேடியும் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: பெரும்பாலும் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. மேற்கோள் என்றால் எப்படி இருக்குமோ, அந்தச் சாயலில் ஒன்றை இந்தச் செயலிகள் கோத்துத் தந்துவிடும். 2023இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. உங்களுக்கு நெறியாளரின் கோபத்தோடு போய்விடும். இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. இணையம் வருவதற்கு முன்பே நானும் இதைச் செய்தவன்தான். வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து ஒரு மேற்கோளை அப்படியே தூக்கி, 214ஆம் பக்கம் என்று போட்டேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மொத்தமே 180 பக்கம்.

சரி, மீதி நான்கையும் பாருங்கள். தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். 10 என்று தொடங்கும் டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் இணைய அடையாள எண்) இருந்தால் அதையும் doi.org தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் வேலை செய்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள்; பொய்த் தலைப்புக்கு உண்மையான எண் ஒட்டியிருப்பதும் உண்டு. திறக்கும் பக்கத்தில் அதே தலைப்பு, அதே ஆசிரியர் இருக்கிறார்களா?

கட்டுரை உண்மையிலேயே இருந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பார்த்தது வெறும் 12 குழந்தைகளை. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. இதழின் தளத்தில் அந்த அறிவிப்பு தெரியும். அதற்கு முன்பே யாரோ இறக்கி வைத்த பிடிஎஃப்பில் எப்படித் தெரியும்? அதனால் பிரதி எங்கே கிடைத்தாலும் இதழின் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டலாமா?

பதில்: படியுங்கள், காட்டாதீர்கள். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போய்விடுங்கள். விக்கிப்பீடியாவே உங்கள் ஆய்வுப்பொருள் என்றால் காட்டித்தான் ஆகவேண்டும். அப்போது ‘வரலாறு’ பகுதிக்குப் போய், நீங்கள் படித்த தேதியின் பதிப்புக்கு இணைப்புக் கொடுங்கள். நாளைக்கே யாராவது அந்தப் பத்தியை அழித்திருப்பார்கள்.