ஊர் அருங்காட்சியகம், டிவி தொடர் எடுத்த வீடு என்று தேடிப் போவது வெட்டிச் செலவா?

உங்கள் வீட்டிலும் யாரோ "அங்க போய் என்னத்தப் பாக்கப் போற" என்று கேட்டிருக்கிறார்கள் போல, இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. என்னிடம் அப்படிக் கேட்டவர் என் மச்சான்.

கர்நாடகாவில் சிவமொக்கா பக்கம் குடும்பத்தோடு போனோம். அந்தப் பக்கத்து மலை ஊரான ஆகும்பே போகலாம் என்று நான்தான் சொன்னேன். சங்கர் நாக் இயக்கி 1986-ல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரை அங்கேதான் எடுத்தார்கள். மால்குடியே எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் கற்பனை ஊர்தானே, இல்லாத ஊருக்கு வழி கேட்கிறாயா என்று சிலர் கிளம்பி வருவீர்கள். தெரியும் சாமி. ஊர் கற்பனை, வீடு நிஜம்.

அம்மா அந்தத் தொடரைப் பக்கத்து வீட்டில் பார்த்தவர். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் எல். வைத்தியநாதனின் டைட்டில் இசை கேட்டால் அடுப்பைக்கூட அப்படியே விட்டுவிட்டு ஓடுவாராம். தொடரில் வரும் சிறுவன் சுவாமியின் வீடாகக் காட்டிய, ஆகும்பேயில் உள்ள தொட்டமனை என்ற பழைய பெரிய வீட்டுக்குள் நுழைந்ததும் கண்கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முற்றத்தைச் சுற்றியிருந்த மரத்தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அந்தப் பையன் சாஞ்சுக்கிட்டு நிப்பானே, அது இந்தத் தூண் இல்ல" என்று அந்த வீட்டுக்காரர்களிடமே வாதாட ஆரம்பித்துவிட்டார். அவர்கள் கன்னடம், இவர் தமிழ். அரை மணி நேரம் போனது. (அது மனிதர்கள் குடியிருக்கும் வீடு, கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.)

தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது அரசாளு ஸ்டேஷன், அது சிவமொக்கா - தாளகுப்பா ரயில் பாதையில் இருக்கிறது. அங்கே பழைய ஸ்டேஷன் கட்டடத்தை 2020-ல் மால்குடி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். சின்ன இடம்தான், சீக்கிரமே பார்த்து முடித்துவிடலாம்.

  

சரி, அடுத்த அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். சிவமொக்கா ஊருக்குள்ளேயே சிவப்ப நாயக்கர் என்ற பழைய அரசரின் பெயரில் ஒரு அரண்மனை இருக்கிறது. அங்கே சுற்றுவட்டாரத்திலிருந்து கொண்டுவந்த வீரக்கற்கள், அதாவது நம் ஊர் நடுகல் மாதிரி, வைத்திருக்கிறார்கள். பல கற்களில் கீழ்க்கட்டத்தில் சண்டை, நடுவில் செத்த வீரனைத் தேவமகளிர் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோவது, உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் உட்கார்ந்திருப்பது. கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நாங்கள் மேலிருந்து பார்த்து முழித்துக்கொண்டிருந்தோம், என் பத்து வயது மகள்தான் "அப்பா, இது காமிக்ஸ், தலைகீழா இருக்கு" என்றாள். தொல்லியல் படித்தவர்கள் யாராவது சண்டைக்கு வராதீர்கள், எனக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள் என்பதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அங்கே நின்றபோதுதான் நம்பினேன்.

மச்சானின் பிடிவாதத்துக்காக மறுநாள் ஜோக் அருவிக்கும் போனோம். முழுக்க மூடுபனி, சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய வாட்ஸ்அப்பில் இப்போது முகப்புப் படமாக இருப்பது தொட்டமனை முற்றத்தில் நான் எடுத்துக்கொடுத்த படம்.