முன்னாடி போய் என்ன செய்யப் போகிறீர்கள்? - வாசகர் கேள்வி பதில்

"டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவர்கள் உங்கள் வயிற்றெரிச்சலை எழுதி அனுப்புங்கள்" என்று போன இதழில் இரண்டே வரிதான் போட்டோம். கடிதம் குவிந்துவிட்டது. பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டி எழுதியவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். அதனால் எல்லாருக்குமே ஊர் பெயர் மட்டும்.

கேள்வி: ரயில்வே கேட் மூடினால் காத்திருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை சார். ரயில் போய், கேட் திறந்த பிறகும் வண்டி நகரவில்லையே, அதற்குத்தான் பதில் வேண்டும். (திருவாரூர் வாசகர்)

பதில்: கேட் என்றதும் நம் பக்கத்தில் எல்லார் வாயிலும் வரும் பெயர் நீடாமங்கலம். மன்னார்குடி லைன் பிரிகிற ஜங்ஷன், எஞ்சினைத் திருப்பி மாட்டுவது, நெல்லும் அரிசியும் ஏற்றும் சரக்கு ரயிலை முன்னும் பின்னும் நகர்த்துவது, இத்தனையும் தஞ்சாவூர் - நாகப்பட்டினம் நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு நடந்ததால் அந்த கேட்டுக்கு அவ்வளவு கெட்ட பெயர். அது ரயில்வே பாடு. நீங்கள் கேட்கும் இரண்டாவது காத்திருப்பு முழுக்க முழுக்க நாம் செய்வது.

கேட் மூடியதும் முதலில் வருகிற பஸ்ஸும் லாரியும் ஒழுங்காக இடப்பக்கம்தான் நிற்கும். அப்புறம் பைக்குகள் வலப்பக்கம் ஏறிப் போய் கேட் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பைக்கைக்கூட விட்டுவிடலாம், கேட் திறந்தால் இண்டு இடுக்கில் புகுந்து போய்விடுவார்கள். வரிசையில் எட்டாவதாக நிற்கும் ஒரு கார்க்காரர் "வலப்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது" என்று ஸ்டியரிங்கை ஒடிப்பார் பாருங்கள், ஊரைக் கெடுப்பது அவர்தான். அவர் பின்னாலேயே ஒரு மினி லாரி, அதன் பின்னால் ஒரு கல்யாண வேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு வண்டி போகிற ரோட்டில் நாலு வரிசை நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கும். யாராவது ரிவர்ஸ் எடுத்தால்தான் அவிழும், ஆனால் நம் ஊரில் ரிவர்ஸ் எடுப்பது மானப் பிரச்சினை. கடைசியில் டீக்கடையிலிருந்து துண்டைத் தோளில் போட்டபடி ஒருவர் இறங்கி வந்து, "ஏ நீ வா, நீ நில்லு" என்று பிரித்துவிடுவார். சம்பளம் வாங்காத அந்த மனிதர் இல்லையென்றால் டெல்டாவில் பாதி கேட் இன்னும் திறந்தபடியே அடைத்துக் கிடக்கும்.

வழி என்ன என்கிறீர்களா? வலப்பக்கம் ஏறுகிற முதல் காரை, முன்னால் நிற்கிற நாலு பேர் கண்ணாடியை இறக்கி "அண்ணே, பின்னாடி போங்க" என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டாவது கார் வராது. எஞ்சினை அணைத்துவிட்டு, முன் வண்டியிலிருந்து கொஞ்சம் இடம் விட்டு நிற்பதும் நல்லது. இன்னொன்று, மூடிய கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிறவர்களைப் பற்றியும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அது குற்றம், அதைவிட முக்கியம், ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது.

கேள்வி: ராத்திரி ரோட்டில் நெல் காயப்போட்ட இடத்தில் பைக் சறுக்கி விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. இவர்களைக் கேட்க ஆளே இல்லையா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: முட்டி ஆறிவிட்டதா? உங்கள் கோபம் நியாயம். நெல்மணி மேல் இரண்டு சக்கரம் ஓடுவதும் கோலிக்குண்டு கொட்டிய தரையில் நடப்பதும் ஒன்று, பிரேக் பிடித்தால் அவ்வளவுதான். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நானும் அறுப்பு நேரத்தில் களத்து மேட்டில் நின்று வயிறு கலங்கியவன்தான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுக்கிற நேரம் புரட்டாசி, ஐப்பசி, சரியாக மழை பிடிக்கிற நேரம். ஒவ்வொரு வருடமும் தளர்வு கேட்டு, டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போய், உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் முளை விட்டிருக்கும். முன்பெல்லாம் அறுத்துக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவதற்குள் நெல் ஓரளவு காய்ந்துவிடும். இப்போது மெஷின் அறுவடை, வயலிலிருந்து ஈரநெல் நேராக டிராக்டரில் விழுகிறது. ஊரில் இருக்கிற ஒரு சிமெண்ட் களம் நாற்பது குடும்பத்துக்கு எப்படிப் போதும்? கண்ணுக்கு எட்டியவரை சூடேறிக் கிடப்பது தார் ரோடு ஒன்றுதான். அதில் கொட்டுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விவசாயிகளிடமும் ஒரு சண்டை இருக்கிறது. காயப்போடுங்கள், ஆனால் ஒரு பக்கம் மட்டும் போடுங்கள், வளைவிலும் பாலத்து இறக்கத்திலும் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கல். நெல்லைச் சுற்றி அணைப்புக்கு வைக்கிற கருங்கல், சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் அங்கேயே கிடக்கிறது. நெல்லில் சறுக்கினால் முட்டியோடு போய்விடும், கல்லில் ஏறினால் மண்டை. கருப்பு ரோட்டில் கருப்புக் கல் யார் கண்ணுக்குத் தெரியும்? கல்லுக்குப் பதில் மண் நிரப்பிய வெள்ளைச் சாக்கு வையுங்கள், இருட்டுவதற்குள் அதையும் ஓரம் கட்டிவிடுங்கள். பைக்காரர்களுக்கு: குறுவை, சம்பா அறுப்பு மாதங்களில் இருட்டிய பிறகு ஊர் ரோட்டில் நாற்பதைத் தாண்டாதீர்கள். நெல்லில் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை விட்டு, நேராக உருண்டு வெளியே வாருங்கள்.

கேள்வி: முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "என்னைத் தாண்டிப் போ" என்று அர்த்தமா, "நான் வலப்பக்கம் திரும்புகிறேன்" என்று அர்த்தமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: சட்டப்படி ஒரே அர்த்தம்தான், அவர் வலப்பக்கம் நகரப் போகிறார். ரோட்டில் நாலு அர்த்தம் இருக்கிறது, சிக்கலே அதில்தான். சிலர் வலது போட்டு "எதிரே வண்டி வருது, ஏறாதே" என்கிறார்கள், இடது போட்டு "காலி, போய்க்கோ" என்கிறார்கள். இன்னும் சிலர் நேர் தலைகீழாக. வேறு சிலர் அய்யம்பேட்டையில் திரும்பியபோது போட்டதைக் கும்பகோணம் வரை அணைக்க மறந்திருப்பார்கள்.

ஆகவே விளக்கை மட்டும் நம்பாதீர்கள். லாரியின் வேகம் குறைகிறதா, பிரேக் விளக்கு எரிகிறதா, வலப்பக்கம் சந்தோ, பெட்ரோல் பங்கோ, வாய்க்கால் மதகுப் பாலமோ இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பின்னாலேயே நில்லுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும், எதிர் ரோடு உங்கள் கண்ணுக்கே தெரிந்தால்தான் ஏற வேண்டும். டிரைவர் "போ" என்று கை காட்டுகிறார் என்பதற்காக ஏறாதீர்கள், முட்டினால் அவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார். ஹெட்லைட்டை டிப் அடிப்பதும் இப்படித்தான். வேறு நாடுகளில் சிலர் "நீங்கள் முதலில் போங்கள்" என்பதற்கு அடிக்கிறார்களாம். நம் ஊரில் அடித்தால் "நான் நிற்கப் போவதில்லை, உன் பாட்டை நீ பார்த்துக்கோ" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பகலில் ஸ்கூட்டரில் போனால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் விரலை மடக்கி மடக்கி "லைட் எரியுது" என்று காட்டுகிறார்கள். எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது? (தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலை வாசகி)

பதில்: சொல்லாதீர்கள் அம்மா, தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து வருகிற இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் விளக்கும் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. எதிரே வருகிறவர்கள் கண்ணில் சீக்கிரம் படட்டும் என்று செய்த ஏற்பாடு. இத்தனை வருடம் கழித்தும் காட்டுகிறார்கள் என்றால் அது நம் மக்களின் நல்ல மனசு. இதே மக்கள்தான் "சைடு ஸ்டாண்டு!", "அக்கா, புடவை!" என்றும் கத்துகிறார்கள். அந்த இரண்டுக்கு மட்டும் உடனே காது கொடுங்கள்.

கேள்வி: ரவுண்டானாவில் யார் முதலில்? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவர். நுழைகிறவர்தான் நிற்க வேண்டும், 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. "பெரிய வண்டி முதலில்" என்பது நாமாக எழுதிக்கொண்ட சட்டம். ரவுண்டானாவை முழுக்கச் சுற்றாமல் எதிர்த்திசையில் சுருக்கு வழி போகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: தஞ்சாவூர் - கும்பகோணம் ரோட்டில் ஒரு தனியார் பஸ் பின்னாலேயே ஹார்ன் அடித்து என்னைப் புல்தரையில் இறக்கிவிட்டது. ஏன் இந்தப் பேய் ஓட்டம்? (ராஜகிரி வாசகர்)

பதில்: டைமிங். முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, நடுவில் சில நிமிடம்தான் இடைவெளி. ஒரு ஸ்டாப்பில் தாமதித்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற கூட்டம் பின்னால் வருகிறவனுக்குப் போய்விடும். டிரைவரின் தினப்படியான பேட்டாவும் டிக்கெட் கலெக்‌ஷனைப் பார்த்து என்றால் கால் தானாக ஆக்சிலேட்டரில் ஏறும். டிரைவரை மட்டும் திட்டிப் பயனில்லை, அந்த நிமிடக் கணக்கைப் போடுகிறவர்களையும் கேட்க வேண்டும். நம்மையும்தான். "இது போகட்டும், அடுத்தது ஃபாஸ்ட்டா போகும்" என்று காத்திருந்து ஏறுகிறவர்கள் நாம்தானே.

ஹார்ன் விஷயம் வேறு. பல ராகத்தில் பாடுகிற ஹார்ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதிப்படி கூடாது. தேவையில்லாமல் அடித்தாலே முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000. வண்டி எண், நேரம், இடம் மூன்றையும் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். ஒருவர் எழுதினால் காகிதம், இருபது பேர் எழுதினால் விசாரணை.

கேள்வி: என் தம்பி மகனுக்கு 16 வயது. 110 சிசி ஸ்கூட்டரில் டியூஷன் போகிறான். "வாய்க்கால் கரை ரோடுதானே, போலீஸ் இல்லை" என்கிறான் தம்பி. (திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் உண்டு. சிறுவன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினாலே பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதை அப்படியே தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள். வாய்க்கால் கரையில் போலீஸ் இல்லைதான், தடுப்புச் சுவரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு கரையிலிருந்து இறங்குகிற வண்டி நேராகத் தண்ணீருக்குள்தான் போகும்.

கேள்வி: விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். (வேதாரண்யம் வாசகர்)

பதில்: தைரியமாகத் தூக்குங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லச் சொல்லிக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. முதலில் 108. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவரிடம் பணம் கேட்கக் கூடாது, அது தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். கூட்டத்தில் வீடியோ எடுக்கிறவரிடம் போனைக் கொடுத்து 108-க்குப் பேசச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கேள்வி: ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிறோம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு கார் போகிறதே? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. வால் பிடிப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது இருபது.

கேள்வி: முகூர்த்த நாளில் கும்பகோணத்துக்குள் வண்டி நுழைவதே இல்லை. 2028 மகாமகத்துக்கு இந்த ஊர் என்ன ஆகும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: மகாமகத்தைப் பற்றி நான் பயப்படவில்லை. 2016-இல் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போட்டு, வெளியூர் வண்டிகளை அங்கேயே நிறுத்தினார்கள். உள்ளே வந்த ஜனம் நடந்தது. தேர் போவதற்கும் சாமி புறப்பாட்டுக்கும் போட்ட வீதிகள் நடக்கிற கூட்டத்தைத் தாங்கும், ஆளுக்கொரு கார் வந்தால் தாங்காது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை செய்ய முடிகிறதை ஆவணி, தை முகூர்த்த நாட்களிலும் சின்ன அளவில் செய்யலாம்.

அதுவரை ஒன்றே ஒன்று. மண்டபம் புக் செய்யும்போது ஏசி இருக்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா, டைனிங் ஹாலில் எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் கேட்கிறீர்கள். ஐம்பது கார் எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். "ரோட்டோரமா விட்டுக்கலாம் சார்" என்று பதில் வந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.