ஊட்டிக் குளிரில் மவுன்டன் பைக்: ஜாக்கெட்டை விடுங்கள், கையுறையைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். நண்பர்கள் மூன்று பேருடன் ஜனவரியில் ஊட்டி போய், தேயிலைத் தோட்டப் பாதைகளில் மவுன்டன் பைக் ஓட்டப்போகிறோம். காலை ஆறரைக்கே கிளம்பும் திட்டம். போன வருடம் டிசம்பரில் போனபோது ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டியது. இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போய் பிரேக் பிடிக்கவே முடியவில்லை. இந்த முறை பயண ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பி, அதில் உள்ள 6,500 ரூபாய் ஜாக்கெட் கட்டாயம் என்கிறார். வாங்கலாமா? ஹெல்மெட்டுக்குள் மங்கி குல்லா போடலாமா?

பதில்: ஜாக்கெட் வேண்டாம். மங்கி குல்லாவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஏற்றத்தில் வேர்த்தது, இறக்கத்தில் விரல் மரத்தது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். முதலாவதால் வந்ததுதான் இரண்டாவது. ஏறும்போது உடம்பு அடுப்பாக எரிகிறது, உள்ளே போட்ட பனியன் தொப்பலாக நனைகிறது. உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்ததும் மிதிப்பது நின்றுவிடும், உடம்பில் சூடு பிறப்பதும் குறைந்துவிடும். காற்று மட்டும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சில் அடிக்கும். வெளியே 5 டிகிரி என்றால் அந்த வேகத்தில் தோலுக்கு அது 0 டிகிரி மாதிரி உறைக்கும். ஈரத் துணி வேறு. நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு முதலில் இதயத்தையும் குடலையும் காப்பாற்றப் பார்க்கும். கைக்கும் காலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். பிரேக் லீவரில் இருக்கிற ஆள்காட்டி விரல் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டிருப்பதால் முதலில் மரப்பது அதுதான்.

அந்தத் தடிமனான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் இன்னும் அதிகமாக வேர்க்கும். உள்ளே இறகு அடைத்ததாக இருந்தால் வேர்வையில் நனைந்து கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், அப்புறம் சூடும் தாங்காது. ஆறாயிரம் செலவழித்துப் போன வருடத்தைவிட மோசமாக நடுங்குவீர்கள்.

உள்ளே பாலியெஸ்டர் டீ-ஷர்ட் ஒன்று, பருத்தி கலக்காதது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சமாகக் குவிந்துகிடக்கிறதே, அது போதும். ‘டிரை-ஃபிட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியதையெல்லாம் நம்பவேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, ஒட்டியதைச் சோதிக்கவும் யாரும் வருவதில்லை. வீட்டில் நனைத்துப் பிழிந்து ஃபேனுக்கு அடியில் தொங்கவிடுங்கள். அரைமணி கழித்தும் சொதசொதவென்று இருந்தால் அதில் பருத்தி இருக்கிறது. அதை ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். டீ-ஷர்ட்டுக்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ், அதாவது பஞ்சுபோல மெத்தென்றிருக்கும் பாலியெஸ்டர் மேல்சட்டை. அதற்கும் மேலே, மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற விண்ட்சீட்டர். ஏறும்போது விண்ட்சீட்டர் பையில் இருக்கட்டும். உச்சியில் நின்று, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் போட்டுவிடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் பாதிதான் பலன். இன்னொரு உலர்ந்த டீ-ஷர்ட்டையும் பையில் வைத்திருந்து, நீண்ட இறக்கத்துக்கு முன்னால் வெட்கப்படாமல் அங்கேயே மாற்றுங்கள். நீங்கள் கேட்ட ஜாக்கெட் செய்யாத வேலையை இந்த ஒரு சட்டை செய்யும்.

மிச்சமாகிற பணத்தில் கையுறை வாங்குங்கள். விரல் முழுக்க மூடுவதாக, வெளிப்பக்கம் காற்றுப் புகாத துணியாக, உள்ளங்கை மெல்லியதாக இருக்கவேண்டும். மணாலியில் பனியில் விளையாட விற்கிற பொதபொத கையுறையைப் போட்டால் பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது விரல் நுனியில் துளி இடமாவது மிச்சம் இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். காலுக்கும் இதே கதைதான். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் காலைத் திணிப்பவர்கள்தான் முதலில் கால்விரல் வலிக்கிறது என்பார்கள். நல்ல கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும்.

கம்பளி என்றதும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. மலையில் ‘பியூர் உல்லன்’ என்று கூவி விற்கிற ஸ்வெட்டர், சாக்ஸ், கையுறையில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. அக்ரிலிக் கெட்டது என்று சொல்லவில்லை, கம்பளி விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். உள்தையலில் தொங்குகிற நூல் ஒன்றைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். தீயை எடுத்ததும் அணைந்துவிடும். கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிச் சொட்டி, நுனியில் கறுப்பு மணியாக இறுகிக்கொள்ளும். கடைக்காரர் முறைத்தால் வெளியே வந்து செய்யுங்கள். நூலே பிய்க்கவிடவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

எல்லோரும் சொல்லும் விதி ஒன்று உண்டு: கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். சரியான விதிதான். ஆனால் நீங்கள் மிதித்து ஏறும் நாளுக்கு மட்டும். ஏற்பாட்டாளர்கள் பலர் சைக்கிளை ஜீப்பில் ஏற்றி, தொட்டபெட்டா சந்திப்பு மாதிரி உயரமான இடத்தில் இறக்கிவிட்டு, ‘இனி இறக்கம்தான், ஜாலியாகப் போங்கள்’ என்பார்கள். அன்றைக்கு இந்த விதி தலைகீழ். ஜீப்பில் முக்கால் மணி அசையாமல் உட்கார்ந்து வந்த உடம்பு சூடாக இருக்காது, மிதிக்கப் போவதுமில்லை, பத்து நிமிடத்தில் சரியாகவும் ஆகாது, இறங்க இறங்க மோசமாகும். ஆகவே ஜீப் நாளில் ஃப்ளீஸ், விண்ட்சீட்டர், கையுறை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். இறங்கியதும் ஐந்து நிமிடம் மேல்நோக்கி மிதித்து உடம்பைச் சூடாக்கிவிட்டுத் திரும்புங்கள். முற்பகல் ஜீப், பிற்பகல் மிதிப்பு என்று கலந்து இருந்தால், இடையில் உட்புறச் சட்டையை மாற்றுங்கள். ஒரு நாளுக்கு ஒரே உடை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் தனியாக யோசியுங்கள்.

குல்லா விஷயம். மங்கி குல்லாவின் தடிமனும் உச்சிக் குஞ்சமும் ஹெல்மெட்டைத் தலையிலிருந்து தூக்கிவிடும். கீழே விழும்போது அது பின்னால் நழுவி நெற்றியைக் காட்டும். காதை மூடுகிற மெல்லிய குழாய்த் துணி ஒன்று போதும். அதைப் போட்டபின் ஹெல்மெட் பட்டையை மறுபடி சரிசெய்து, தலையை ஆட்டிப் பாருங்கள்.

முழங்காலை மூடுங்கள். ஆனால் வீட்டில் போடும் தொளதொள டிராக் பேன்ட் வேண்டாம், வலது கால் செயினில் மாட்டும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குக் கீழே ஜட்டி போடக்கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் தொடை உரிந்து திரும்புகிறார்கள். தேயிலைச் செடிகள் நெருங்கி நிற்கும் ஒற்றையடிப் பாதையில் விடியற்காலை போனால், இலையில் தங்கிய நீர்ப்பனி முழங்காலையும் கையுறையையும் ஐந்தே நிமிடத்தில் நனைத்துவிடும். அதற்கு மருந்து உடையில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது: எட்டரைக்குக் கிளம்புங்கள்.

ஆறரை மணி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கப் புல்வெளிகள் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். மேட்டில் 6 டிகிரி இருக்கும்போது பள்ளத்தில் 0-வைத் தொடலாம். உங்கள் ஃபோன் ஊட்டிக்கு என்று ஒரே ஓர் எண்ணைக் காட்டும். அதைப் பார்த்து உடை முடிவு செய்யவேண்டாம். பாதை எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் ஏற்பாட்டாளர். பட்டியலில் கடையின் பெயரும் லிங்க்கும் சேர்ந்தே வந்தால் கமிஷன் வாசனை அடிக்கிறது. அவரிடம் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசாமல், ‘பாதை யாருடைய நிலம்? அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். எஸ்டேட் என்றால் உரிமையாளர் அனுமதி, காடு என்றால் வனத்துறை அனுமதி. முறையாக வாங்கப் போனால் இந்த அலுவலகம் அந்த அலுவலகம் என்று அலையவிடுவார்கள் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துத்தான் ‘யாருக்கும் தெரியாத டிரெயில்’ என்று காப்புக்காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். மாட்டினால் அபராதம் உங்கள் பெயரில் வரும், அவர் ஃபோனை அணைத்துவிடுவார். கடிதம் இல்லை என்றால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சைக்கிள்களைக் காரில் ஏற்றிவருவதானால் அந்தக் காருக்கு நீலகிரி இ-பாஸ் (மலைக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) எடுக்க மறந்துவிடாதீர்கள்.