எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, விரல் மட்டும் ஏன் மடங்கவில்லை?

எக்ஸ்ரேயில் குறையில்லை என்கிறார்கள், காலையில் விரல் மடங்கவில்லை, முடக்குவாதம் தொடங்கும்போது மூட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ 'எல்லாம் சாட்டு' என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

நான் உப்புவெளியில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். விடியற்காலையில் உரலை அழுத்தும் நேரத்தில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். வெயில் ஏற ஏற இளகிவிடும். "வேலை முடிந்ததும் சுகமாகிற வருத்தம் என்ன வருத்தம்?" என்று மாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எக்ஸ்ரேயும் அவர் பக்கமே நின்றது.

கிளினிக்கில் டொக்டர் அம்மா என் சுட்டுவிரலின் அடிக்கணுவை இருபுறமும் அமுக்கினார். எலும்பு தட்டுப்பட வேண்டிய இடம் பிசைந்த மாவைப் போல அமிழ்ந்தது. நகத்தை ஒட்டிய கணுக்களில் வீக்கமில்லை என்பதையும் குறித்துக்கொண்டார்.

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. இந்த வருத்தம் தொடங்குவதோ மூட்டுறையின் உட்புறச் சவ்வில். ஓரிரு கலப் படை தடிப்பேயுள்ள அந்தச் சவ்வுக்குள் நோயெதிர்ப்புக் கலங்கள் வந்து குவிகின்றன. புதிய நுண்குருதிக் குழாய்கள் முளைக்கின்றன. சவ்வு பத்துப் படை வரைகூடத் தடிக்கும், மூட்டில் நீர் கோக்கும். கவனிக்காமல் விட்டால் அது குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கும். குருத்தெலும்பு மூடாத எலும்பு விளிம்புதான் முதலில் அரிபடும். எக்ஸ்ரேயில் தெரிவது அந்தப் பள்ளம். அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் சவ்வின் வீக்கம் அதற்கு முன்பே தெரிந்துவிடும். இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் வருத்தம் இல்லையென்று முடிவுகட்ட முடியாது.

நான் வைத்தியர் அல்ல, திருத்துபவர்கள் திருத்தலாம். கன்னியா வெந்நீரூற்றைக் குறை சொல்கிறேன் என்று மட்டும் சண்டைக்கு வரவேண்டாம். நானும் குளிக்கிறேன், இதமாகத்தான் இருக்கிறது. சவ்வின் வீக்கம் அதனால் வற்றாது, அவ்வளவுதான்.

வெந்நீரை விட எனக்குக் கோபம் தனியார் பஸ்காரர்கள் மீது. ஒரு கால் மிதிபலகையில் இருக்கும்போதே வண்டியை எடுக்கிறார்கள். கம்பியை இறுகப் பிடிக்க முடியாதவள் என்ன செய்வாள்? கிழவிக்காவது இரக்கப்படுவார்கள், நாற்பது வயதுக்காரி நடிக்கிறாளாம்.

சரி, தாமதிக்காமல் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். மெதோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால், அது கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் மருந்து. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்து உறையில் கிறுக்கியிருப்பது விளங்காவிட்டால், பின்னால் வரிசை எவ்வளவு முணுமுணுத்தாலும் அங்கேயே நின்று கேளுங்கள்.