சோறு பாதியாச்சு, எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ. மதியச் சோற்றைப் பாதியாக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் காய் நிறையச் சாப்பிடுகிறேன். பெரும்பாலும் உருளைக்கிழங்குப் பொடிமாஸ், சேனை வறுவல், வாழைக்காய். ராத்திரி இட்லியை விட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாகியும் எடை அப்படியே நிற்கிறது. காயிலும் மாவுச்சத்து இருக்கிறதா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த காய்கள் எல்லாமே அந்த வகைதான்.

மதியக் கணக்கைப் பாருங்கள். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. முன்பு 300 கிராம் சோறு என்றால் இப்போது 150. மிச்சம் பிடித்தது 195 கலோரி. பக்கத்தில் 150 கிராம் பொடிமாஸ் வைத்தால் கிழங்குக்கே 115 கலோரி ஆகிறது. தாளித்த எண்ணெயில் உங்கள் பங்குக்கு ஒரு மேசைக்கரண்டி வந்தால் இன்னொரு 120. மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகவே உள்ளே போய்விட்டது.

ராத்திரிக் கதை இதைவிட மோசம். மரவள்ளியில் 100 கிராமுக்கு 38 கிராம் மாவுச்சத்து, 160 கலோரி. எடைக்கு எடை சோற்றையே மிஞ்சுகிறது. கால் கிலோ கிழங்கு 400 கலோரி. வீட்டு இட்லி ஒன்றுக்குச் சுமார் 50 என்று வைத்தால் அது எட்டு இட்லிக்குச் சமம்! எட்டு இட்லி தின்றால் கை தானாக நின்றிருக்கும்; கிழங்கு என்பதால் நிற்கவில்லை. பழையபடி மூன்று இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார் என்று மாறிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி சாப்பிடச் சொல்கிறது. அந்தக் கணக்கில் உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி போன்ற கிழங்குகளைச் சேர்ப்பதே இல்லை. நீங்களும் அவற்றைச் சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். சேனை, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், சாம்பாரில் போடும் பலாக்கொட்டை எல்லாம் அதே பக்கம்தான். விட்டுவிட வேண்டாம், சேனை வறுவல் செய்யும் நாளில் ஒரு கரண்டி சோறு குறையட்டும், அவ்வளவுதான்.

கேரட்டும் பீட்ரூட்டும் மண்ணுக்கடியில் விளைவதால் வீணாகப் பழி சுமக்கின்றன. 100 கிராமில் 10 கிராம் அளவுதான் மாவுச்சத்து, தாராளமாகச் சாப்பிடலாம். வெண்டை, பீன்ஸ், கோஸ், கத்தரி 6, 7 கிராம். சுரைக்காய், புடலை, பீர்க்கங்காய் இன்னும் குறைவு. உழவர் சந்தைக்குப் போனால் பையை நிரப்ப வேண்டியவை இவையும் கீரையும்தான். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: 100 கிராம் சுளையில் 23 கிராம் மாவுச்சத்து. முந்திரியில் மாவுச்சத்து பெரிதில்லை, கொழுப்புதான். 30 கிராம் கைப்பிடியே 165 கலோரி.

காய் சரியாக இருந்தும் எடை நிற்கிறது என்றால் பெரும்பாலும் வாணலியில்தான் கோளாறு. அடி பிடிக்கும்போதெல்லாம் எண்ணெய் ஊற்றுகிறோம். அங்கே தேவை தண்ணீர். 300 கிராம் பீன்ஸ் பொரியலுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து, காயைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல். கத்தரிக்காயின் சதையெல்லாம் காற்றறை, எண்ணெயில் போட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். நான்கு நிமிடம் ஆவியில் வேகவைத்துப் பிறகு தாளித்தால் அந்த அறைகள் அமுங்கிவிடும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகே நறுக்கவேண்டும். கொழகொழப்புக்கு எண்ணெய் மருந்தல்ல. ஒரு கரண்டி மோர் அல்லது புளித்தண்ணீர் விட்டாலே அடங்கும்.

எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தினமும் அளக்கத் தேவையில்லை. மாத மளிகையைப் பாருங்கள். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் நாளுக்குச் சுமார் 15 கிராம்; எடை குறைக்க நினைப்பவருக்கு அது சரியான அளவு. நாலு பேர் வீட்டில் நாலு லிட்டர் வாங்கினால் கோஸும் பீன்ஸும் காப்பாற்றாது.

சோற்றை இன்னும் குறைக்காதீர்கள். மதியம் 50 கிராம் அரிசி. வடித்தால் சுமார் 150 கிராம் சோறு வரும். வெந்த பிறகு கண்ணளவில் போட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி கூடும், அதனால் உங்கள் பங்கு அரிசியாகவே அளக்கப்படட்டும். அதோடு பொரியல், கீரை சேர்ந்து 200 கிராம். புரதம் இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பசி வந்து பிஸ்கட்டில் கை போகும். துறைமுகத்து ஊரில் இருக்கிறீர்கள். குழம்பில் போட்ட மத்தியோ சங்கராவோ 100 கிராம் சாப்பிட்டால் 20 கிராம் புரதம் வந்துவிடும். அதையே வறுத்தால் எண்ணெய்க் கணக்கு மறுபடி ஏறும். மீன் சாப்பிடாத நாளில் கெட்டிப் பருப்போ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும்.

வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் உடலில் நீர் தங்கி ஒரு கிலோ கூடிக் காட்டும், பயப்படவேண்டாம். வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கினால் நல்ல வேகம். இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள், நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே இருக்கவேண்டும்.

இப்படி ஆறு வாரம் சரியாக நடந்தும் முள் அசையவில்லை என்றால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சோற்றில் மேலும் கைவைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு பழையபடி இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம்.