இரவெல்லாம் அழும் நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் வீடு, இரண்டு மாதக் குட்டி, ராத்திரி முழுக்க அழுகிறது, வெளியே கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தாயின் சூட்டில் ஒட்டிப் படுத்தது திடீரெனத் தனியாகிவிட்டது. அது பிடிவாதம் இல்லை, பயம். தாய் படுத்த சாக்கைக் கேட்டு வாங்கி, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்துவிடுங்கள். முனகினால் கையை மட்டும் தொங்கவிடுங்கள். விரலை மோந்து பார்த்து, அதன்மேல் முகத்தை வைத்துத் தூங்கிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வாசலுக்குத் தூக்கிப் போங்கள். அங்கே ஒன்றுக்கோ இரண்டுக்கோ போய்விட்டால் உடனே தட்டிக்கொடுங்கள்.

அப்புறம், நம் கரையில் இது ரொம்ப முக்கியம்: வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் (பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன்) மணலில் கிடக்கும். அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும், காய்ந்தாலும் போகாது. தொற்று பயமும் உண்டு: பார்வோ என்ற கொடிய கழிச்சல் நோய்க்கான தடுப்பூசித் தவணைகள் முடியும்வரை குட்டியைக் கடற்கரையில் இறக்கியே விடாதீர்கள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில்.